ஒரு பாத்திரம், பல காத்தான்கள்: வன்னிக் கூத்தில் தலைமைப் பாத்திரப் பகிர்வும் துணைவனும்

ஈழத்துத் தமிழ்க் கூத்துக்கள் பற்றி இதுவரை வெளிவந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் ஆட்டமுறை, தாளக்கட்டு, உடை, ஒப்பனை, மோடி வேறுபாடு என்பவற்றிலேயே கவனஞ் செலுத்தியுள்ளன. கூத்தின் தோற்றம் பற்றியும், சடங்கிலிருந்து நாடகம் கிளைத்த வகை பற்றியும் பயன்மிக்க விவாதங்கள் நிகழ்ந்துள்ளன. ஆயினும், கூத்தை ஒரு முறையேனும் விடியும்வரை பார்த்த எவருக்கும் தெரிந்த ஓர் உண்மை, அது யாவர்க்கும் தெரிந்தது என்பதனாலேயே போலும், ஆய்வுக்குரியதொன்றாகக் கொள்ளப்படவில்லை. காத்தவராயன் கூத்திலே முன்னிரவிற் களரிக்கு வரும் காத்தவராயனும், விடியற்பொழுதிலே கழுமரத்தில் ஏறும் காத்தவராயனும் ஒரே ஆள் அல்லர் என்பதே அது.

சிறுபிள்ளையாக வரும் பாலகாத்தானை ஒரு சிறுவன் ஆடுவான். அவன் உள்ளே போனபின் ஆதிகாத்தான் அல்லது முன்காத்தான் வருவான். அவனையடுத்து நடுக்காத்தான், ஈற்றிலே பின்காத்தான். பெயர்களும் எண்ணிக்கையும் ஊருக்கு ஊர் வேறுபடும். சில இடங்களில் இருவரோடு அமையும். வேறு சில இடங்களில் ஐவர்வரை நீளும். முத்துமாரியும் ஆரியமாலையும் இவ்வாறே 'முன்', 'பின்' எனப் பிரிபடுவதுமுண்டு. உயரத்தால், குரலால், நிறத்தால், அகவையால் வேறுபட்ட மூவரோ நால்வரோ ஒரே பெயரைச் சுமந்து ஒரே இரவில் அடுத்தடுத்து வருகின்றனர். பார்ப்போர் எவரும் இதனாற் குழம்புவதில்லை. 'இப்பொழுது பின்காத்தான் வருவான்' என்று தூங்கும் பிள்ளைகளைத் தட்டி எழுப்புகின்றனர்.

மேனாட்டு நாடகக் கல்வியின் வழிப்பட்டோருக்கு இது ஒரு குறைபாடாகத் தோன்றுதல் இயல்பே. பாத்திர ஒருமை, நடிகன் பாத்திரத்தோடு ஒன்றுதல் என்னும் அளவுகோல்களைக் கொண்டு நோக்குமிடத்து, இதனைப் பண்படா அரங்கின் எச்சமென ஒதுக்கிவிடலாம். நாம் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை. ஒரு கலைவழக்கம் நூறு ஊர்களில் நிலைபெற்றிருக்குமாயின், அதன் பின்னே ஒரு வாழ்க்கைமுறையும் உழைப்பு முறையும் உள்ளன என்பதே எமது எடுகோள். வன்னிப் பெருநிலத்தைக் களமாகக் கொண்டு அவற்றைத் தேட முயல்வோம்.

வன்னி என்னும்போது, பழமை மாறாத் தூய கிராமங்களின் தொகுதி என்றொரு மயக்கம் எமது எழுத்தாளர் பலரிடமுண்டு. அது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1895இல் ஜே. பி. லூயிஸ் தொகுத்த வன்னி மாவட்டக் கைநூல் காட்டும் வன்னி, குளங்களைச் சுற்றிச் சிதறிக்கிடந்த சிற்றூர்களைக் கொண்டது. காய்ச்சலாலும் வறட்சியாலும் குடித்தொகை அருகியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டதும், அதனையொட்டிக் கிளிநொச்சியிலே குடியேற்றங்கள் எழுந்தன. பின்னர் முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற இடங்களில் வேறு திட்டங்கள் வந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் காணியற்ற குடும்பங்கள் பல இவ்வழியாக வன்னிக்கு வந்தன. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களின் பின்னர் மலையகத் தமிழ்த் தொழிலாளர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்பன அவர்களோடு வந்தன. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலுமே தனி மாவட்டங்களாயின. ஆகவே, வன்னிக் கூத்து என நாம் கூறுவது பல இடப்பெயர்வுகளின் சந்தியாகும்.

முல்லைத்தீவின் பழைய ஊர்களிலே, குறிப்பாக முள்ளியவளையை மையமாகக் கொண்ட பகுதியிலே, கோவலன் கூத்து சிறப்புடையது. அதன் பின்புலம் கண்ணகி வழிபாடு. முல்லைத்தீவுக் கடலில் நீரெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து விளக்கெரித்து, வைகாசியிலே வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கும் வழக்கம் நாடறிந்தது. காத்தவராயன் கூத்தோ மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்தது. அது யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் பொதுவானது. மாரியம்மன் கோயிலொன்று எழுந்த குடியேற்றங்களிலெல்லாம் அதற்கும் இடமிருந்தது. உடுக்கும் ஆர்மோனியமும் மத்தளமும் தாளமும் துணையாக, சிந்து மெட்டுக்களுக்கு இசைந்த ஒருவகை நடையோடு ஆடப்படுவதால் இதனைச் சிந்துநடைக் கூத்து என்று வழங்குவர். ஆட்டத்தின் நுணுக்கத்தில் இது மட்டக்களப்பு வடமோடிக்கு நிகராகாது என்பர். அது உண்மையே, ஆனால் ஊர் முழுவதையும் களரிக்குள் இழுக்கும் ஆற்றலில் இதற்கு நிகரானவை சில.

இனி, பாத்திரப் பகிர்வின் காரணத்துக்கு வருவோம். முதலிற் சொல்லப்படும் விளக்கம் உடல்சார்ந்தது. ஒலிபெருக்கி இல்லாக் காலத்திலே, திறந்த வெளியில், எடுத்த சுருதியில், எட்டு ஒன்பது மணி நேரம் பாடியும் ஆடியும் நிற்பது ஒருவரால் இயலாது. பகலிலே வயலில் உழுதவனே இரவிலே காத்தானாக வருகிறான் என்பதையும் நாம் மறத்தலாகாது. தொழில்முறை நடிகனின் ஓய்வு அவனுக்கில்லை. இவ்விளக்கம் பொருந்துவதே, ஆயினும் போதுமானதன்று. அண்ணாவியாரும் விடியும்வரை நிற்கிறார். மத்தளகாரரும் விடியும்வரை வாசிக்கிறார். அவர்களை யாரும் 'முன்னண்ணாவி', 'பின்னண்ணாவி' எனப் பிரிப்பதில்லை. மேலும், சிற்றூர்க் கூத்துக்களிலே சிறிய பாத்திரங்கள் இரண்டு மூன்றை ஒருவரே ஏற்பது வழக்கம். சிறிய பாத்திரங்களில் ஒரு நடிகர் பலராக மாற, பெரிய பாத்திரத்திலோ பல நடிகர் ஒருவராகின்றனர். ஆட்பற்றாக்குறை நிலவும் ஓர் ஊரிலே, ஒரு பக்கம் ஆட்களைச் சேமித்துக்கொண்டு மறுபக்கம் தாராளமாகச் செலவிடுவது எவ்வாறு? உடற்களைப்பு ஒன்றே காரணமாயின் இம்முரண்பாடு எழாது.

விடை நேர்த்தியில் உள்ளது எனக் கருதுகிறோம். காத்தவராயன் கூத்து பொழுதுபோக்குக்கென ஆடப்பட்டதன்று. நோய் நீங்கவும், பிள்ளை வேண்டியும், மழை வேண்டியும் நேர்ந்துகொண்டு ஆடியது. காத்தானாக வருதல் ஒரு நேர்த்திக்கடன். விரதங்காத்துப் பெறும் பேறு. அப்பேறு ஒருவனுக்கு மட்டும் உரியதாயின் ஏனைய குடும்பங்களின் நேர்த்தி என்னாவது? உடைக்கும் வெளிச்சத்துக்கும் அண்ணாவியாரின் தட்சிணைக்கும் பணமும் நெல்லும் கொடுப்போர் ஆடுவோரின் குடும்பத்தாரே. செலவு பகிரப்படும்போது சிறப்பும் பகிரப்படல் வேண்டும். பொதுக்குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சும் சமூகமொன்று, தலைமைப் பாத்திரத்தையும் முறைவைத்தே அனுபவித்தது எனலாம். இதனை உவமையாக மட்டும் கொள்ளற்க. நீரின் பங்கும் கோயிலின் பங்கும் கூத்தின் பங்கும் ஒரே ஊர்க்கூட்டத்தில், ஒரே ஆட்களால், ஒரே வகைச் சச்சரவுகளோடு தீர்மானிக்கப்பட்டன.

சச்சரவு என்றோம். கிராமியக் கூட்டுவாழ்வை முரண்பாடற்ற பொன்னுலகாகக் காட்டும் அன்பர்களுக்கு நாம் இங்கு உடன்படமாட்டோம். பங்கு உண்டு, ஆனால் பங்குகள் சமமானவை அல்ல. பின்காத்தானே கழுமரமேறுவான். விடியற்காலத்து அக்காட்சிக்கே ஊர் முழுவதும் கண்விழித்திருக்கும். பெண்கள் கழுமரத்தடியில் நேர்ந்துகொள்வர். முன்காத்தானின் பாட்டுக்கள் இனியவையாயினும் அவனைத் தொழுவோர் இல்லை. ஆகவே, யார் பின்காத்தான் என்பது குரல்வளத்தால் மட்டும் தீர்வதன்று. காணியும் செல்வாக்கும் அங்கே பேசும். தண்ணீர்ப் பங்கில் வாய்க்காலின் தலைமாட்டில் இருப்பவன் யார், கடைமாட்டில் இருப்பவன் யார் என்பதைப் போன்றதே இது. கூத்தில் மட்டும் கடைமாடு உயர்ந்தது.

பிறநாட்டு வரலாறு இவ்விடத்தில் எமக்குத் துணைசெய்யும். கிரேக்கத் துன்பியலில் நடிகர் ஒருவராயிருந்ததை ஈஸ்கிலஸ் இருவராக்கினார் என்றும், சொபோக்கிளிஸ் மூவராக்கினார் என்றும் அரிஸ்டோட்டில் கூறுவர். மூவரே எல்லாப் பாத்திரங்களையும் முகமூடி மாற்றி ஏற்றனர். சொபோக்கிளிஸ் இறந்தபின் கி.மு. 401இல் மேடையேறிய 'கொலோனஸில் ஈடிப்பஸ்' நாடகத்திலே, தீசியஸ் என்னும் பாத்திரத்தை ஒருவருக்கு மேற்பட்டோர் பகிர்ந்தே நடித்திருத்தல் வேண்டும் என அறிஞர் பலர் வாதிட்டுள்ளனர். வேறு சிலர் மறுத்துள்ளனர். எமக்கு முக்கியமானது மற்றொன்று. கி.மு. 449 அளவில் ஏதென்ஸில் நடிகனுக்கெனத் தனிப்பரிசு ஏற்படுத்தப்பட்டது. அதற்கு ஒரு நூற்றாண்டு கழிந்தபின், தமது காலத்திலே கவிஞரைக் காட்டிலும் நடிகரே வலிமை பெற்றுவிட்டனர் என அரிஸ்டோட்டில் குறிப்பிடுகிறார். பரிசு தனியாளுக்குரியதானதும் பாத்திரமும் தனியாளுக்குரியதாகிவிடுகிறது. கிரேக்க நாடகத்தின் சமூக அடித்தளத்தை ஆராய்ந்த ஜோர்ஜ் தொம்சனின் மாணவராகவே பேராசிரியர் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழர் நாடகம் பற்றிய தமது ஆய்வை பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்தினார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

காத்தவராயனுக்கு இன்னும் நெருங்கிய ஒப்புமை இங்கிலாந்தின் யோர்க் நகரத்திலுள்ளது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் 1569வரை அங்கே கிறிஸ்துவின் வரலாறு வண்டிகளில் ஊர்வலமாக நடிக்கப்பட்டது. ஒவ்வொரு காட்சியும் ஒவ்வொரு தொழிற்குழாத்துக்கு உரியது. நோவாவின் பேழையைக் கட்டும் காட்சி கப்பல் கட்டுவோருக்கு. சிலுவையில் அறையும் காட்சி ஆணி செய்வோருக்கு. இதனால் ஒரே நாளில் இருபதுக்கு மேற்பட்ட இயேசுக்கள் யோர்க் வீதிகளில் வந்தனர். ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார், வேறொருவர் கழுதை மீதேறினார், பிறிதொருவர் சிலுவையில் அறையப்பட்டார். எந்த நகரத்தவரும் இதனால் விசுவாசம் இழந்ததாகத் தெரியவில்லை. உழைப்பின் பிரிவினையே பாத்திரத்தின் பிரிவினையாக அமைந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்வாறு பிரிந்த பாத்திரத்தை ஒன்றாகப் பிணைப்பது எது? முதலாவது, கூத்தின் மொழி. கூத்திலே பாத்திரம் களரிக்கு வரும்பொழுது தன்னைப் படர்க்கையிற் பாடுகிறது. வருபவர் இன்னார், அவருடைய குலம் இது, கோலம் இது என வரவுப்பாட்டு அறிவிக்கும். ஆடுபவரே தம்மைப் பிறர்போற் பாடுவார். பாத்திரம் அவருடைய உடைமையன்று, அவர் அதனை ஊருக்காகத் தாங்குபவர் என்னும் உணர்வு இலக்கண அளவிலேயே பதிந்துள்ளது. தாங்குபவர் மாறலாம். இரண்டாவது, மெட்டு. காத்தானுக்குரிய சிந்துகள் எவர் வாயில் வந்தாலும் காத்தானையே குறிக்கும். மூன்றாவது, பக்கப்பாட்டுக்காரரும் கொப்பியைக் கையில் வைத்திருக்கும் அண்ணாவியாரும்.

நான்காவதும், எமது நோக்கில் மிகச் சுவையானதும், துணைவன். தொட்டியத்துச் சின்னான் மந்திரம் வல்லவன், காத்தவராயனின் தோழன், அவனுடைய தந்திரங்களுக்கெல்லாம் உடந்தையானவன். ஆரியமாலையை அடையக் காத்தான் பல வேடங் கொள்வதும் வளையற்செட்டியாக வருவதும் கதையறிந்தோர் அறிவர். கதைக்குள்ளேயே உருமாறிக்கொண்டிருக்கும் ஒருவன், கதைக்கு வெளியே ஆள் மாறியும் வருகிறான்; இவ்விரு மாற்றங்களுக்கிடையில் அவனைப் 'பெயர் சொல்லி அழைப்பவன்' சின்னான். புதிய காத்தானோடு சின்னான் உரையாடத் தொடங்கியதும் ஐயம் தீர்ந்துவிடுகிறது. தோழன் ஏற்றுக்கொண்டான், நாமும் ஏற்றுக்கொள்கிறோம். தாய் மாரியின் புலம்பலும் இதே தொழிலைச் செய்கிறது. எந்த நடிகரை நோக்கி அவள் 'மகனே' என்கிறாளோ அவரே காத்தான். பாத்திரம் என்பது நடிகனின் உள்ளத்தில் உறைவதன்று, பிற பாத்திரங்களோடு அது கொள்ளும் உறவுகளில் நிற்பது என்பதனை இதனாற் பெறலாம். மனிதனின் சாராம்சம் தனியொருவனுள் உறையும் பொருளன்று, சமூக உறவுகளின் தொகுதியே அது என்னும் மார்க்சின் கருத்து, கோட்பாடாக அறியப்படாமலே எமது களரிகளில் நடைமுறையாக இருந்தது.

இதே நுட்பத்தை மிக வேறுபட்ட உலகமொன்றிலும் காண்கிறோம். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1963 நவம்பர் 23ஆந் திகதி 'டொக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கியது. காலத்திலும் வெளியிலும் பயணஞ்செய்யும் பெயர் சொல்லாத முதியவர் ஒருவரே அதன் தலைமைப் பாத்திரம். அவரோடு அவருடைய பேர்த்தியும், அவள் கற்ற பாடசாலையின் ஆசிரியர் இருவரும் துணைவராகச் சென்றனர். முதியவராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் மூன்றாண்டுகளில் நோய்வாய்ப்பட்டார். தொடரோ மக்களைக் கவர்ந்துவிட்டது. நிறுத்துவதற்கு நிறுவனம் விரும்பவில்லை. 1966 அக்டோபர் 29இல் ஒளிபரப்பான பகுதியின் இறுதியிலே முதியவர் தரையில் விழுகிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் பற்றிக் ட்ரௌட்டன் என்னும் வேறொரு நடிகரின் முகமாக மாறுகிறது. அடுத்த கதையிலே அப்போதைய துணைவர் இருவருள் பென் என்பவன் இவர் நம்மவர்தானா என ஐயுறுகிறான். பொலி என்பவள் நம்பத் தலைப்படுகிறாள். அவர்களுடைய ஐயம் தீர்வதோடு பார்வையாளரின் ஐயமும் தீர்கிறது. சின்னானின் தொழிலே இது! பின்னர் 1974இல் இம்மாற்றத்துக்கு 'மீளுருவாக்கம்' எனப் பொருள்படும் பெயரும் கதைக்குள்ளே இடப்பட்டது. அன்றிலிருந்து நடிகர் பலர் அப்பாத்திரத்தை ஏற்றுவிட்டனர். துணைவரும் மாறிக்கொண்டே உள்ளனர்.

ஒப்புமை இவ்வளவே, வேற்றுமை ஆழமானது. அங்கே ஆள் மாறியதற்குக் காரணம் ஒரு பண்டம் தொடர்ந்து உற்பத்தியாதல் வேண்டும் என்பது. நடிகனின் உழைப்பு தேய்ந்ததும் அவ்விடத்தில் இன்னொருவரின் உழைப்பு வைக்கப்பட்டது. அதற்குக் கதையிலே ஒரு காரணமும் கற்பிக்கவேண்டியிருந்தது. ஏனெனில் நடிகனும் பாத்திரமும் ஒன்றெனப் பழகிய பார்வையாளருக்கு மாற்றம் ஓர் அதிர்ச்சி. எமது களரியிலே காத்தான் மாறுவதற்குக் கதைக்குள் காரணம் எதுவும் கூறப்படுவதில்லை. கூறவேண்டிய தேவையும் எழவில்லை. ஆயினும், முதலாளித்துவத் தொலைக்காட்சி, தனது பிழைப்புக்காகவேனும், நட்சத்திர முறைக்கு முந்திய ஓர் உத்தியை மீளக் கண்டெடுத்தது என்பதில் ஒரு வரலாற்று நகை உண்டு.

நட்சத்திர முறை எமது நாட்டுக்கும் வந்தது. பார்சி வழிவந்த இசை நாடகமும், தமிழகக் கம்பனிகளும் 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் யாழ்ப்பாணத்தில் தனியாள் நடிகனை வளர்த்தன. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பாலசபையிலும் அதையொத்த சிறுவர் கம்பனிகளிலும், மகரக்கட்டு உடைந்து குரல் மாறியவுடன் ராஜபார்ட் சிறுவன் தன் இடத்தை இழப்பான். அதுவும் ஆள்மாற்றமே, ஆனால் கூலியும் சாப்பாடும் அதனோடு போயின. ஈழத்தில் இசை நாடகத்தின் உச்சம் நடிகமணி வி. வி. வைரமுத்து. 1989இல் அவர் மறையும்வரை, 'மயான காண்டம்' என்றால் வைரமுத்து, அரிச்சந்திரன் என்றால் வைரமுத்து. அவருடைய கலைமேதைமையை மறுப்பார் இலர். ஆனால் அரிச்சந்திரனை இன்னொருவர் ஏற்றபோது பார்வையாளர் 'வைரமுத்துபோல் வருமா' என்றே அளந்தனர். பின்காத்தானை முன்காத்தானோடு அவ்வாறு எவரும் ஒப்பிடுவதில்லை. சென்ற ஆண்டின் பின்காத்தானோடு வேண்டுமாயின் ஒப்பிடுவர். திரைப்படம் இப்போக்கை முற்றுவித்தது. 1958இல் ரி. ஆர். ராமண்ணா இயக்கிய 'காத்தவராயன்' படத்தில் சிவாஜி கணேசன் ஒருவரே காத்தவராயன். வேறுவகையாக இருந்திருக்கவும் முடியாது.

பல்கலைக்கழகத்தின் பங்கையும் நாம் மறைப்பதற்கில்லை. சரச்சந்திரவின் 'மனமே' 1956இல் பெற்ற வெற்றியின் சூழலிலே, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்' முதலாக 1968இல் 'வாலிவதை' ஈறாகக் கூத்துக்களை நவீன மேடைக்குக் கொணர்ந்தார். தாழ்வாக எண்ணப்பட்ட கலைக்கு அவர் ஈட்டிய மதிப்பு அளவிடற்கரியது. அவ்வழியில் வந்த சி. மௌனகுரு 1969இல் 'சங்காரம்' மூலம் சாதி வர்க்கக் கொடுமைகளைக் கூத்தின் எதிரிகளாகவே நிறுத்தினார். எனினும், விடியும்வரை ஆடிய கூத்து ஒன்றரை இரண்டு மணி நேரமாகச் சுருங்கியபோது, பாத்திரத்தைப் பகிரவேண்டிய தேவையே இல்லாதொழிந்தது. ஒருவர் ஒரு பாத்திரம் என்பது பேசப்படாத விதியாயிற்று. தமிழ்த்தினப் போட்டிகளின் கால எல்லைக்குள் கூத்தைச் சுருக்கும் இன்றைய பாடசாலைகள் அவ்விதியைப் பிறப்புரிமைபோற் கைக்கொள்கின்றன. போட்டியில் சிறந்த நடிகனுக்குப் பரிசு உண்டல்லவா? ஏதென்ஸின் கி.மு. 449 எமக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

கதையின் உட்பொருளுக்கும் பாத்திரப் பகிர்வுக்கும் தொடர்பு உண்டா என்ற வினா எழலாம். காத்தவராயன் கதையின் கரு சாதி மீறிய காதலும் அதற்கான தண்டனையும். பறையர் குலத்தலைவன் வீட்டில் வளர்ந்தவன் பார்ப்பனப் பெண்ணை விரும்பிக் கழுவேறுகிறான். பின்னர், அவன் தேவலோகத்துப் பிறப்பினன், எல்லாம் முன்னைச் சாபத்தின் விளைவு என்ற புராணப் போர்வை அதன்மேற் போர்த்தப்பட்டது. கதைப்பாடல்களில் இத்தகைய போர்வைகள் வந்த வகையைப் பேராசிரியர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதை முதலியவற்றைக் கொண்டு விளக்கியுள்ளார். ஈழத்துக் கூத்திலே தாய் மாரிக்கும் மகனுக்கும் இடையிலான பிணக்கே முன்னிற்பதால் சாதிப் பிணக்கு இன்னும் பின்னே தள்ளப்படுகிறது. ஆயினும், தண்டிக்கப்பட்டவனைத் தெய்வமாகத் தொழுதல் என்பது ஒடுக்கப்பட்டோர் நினைவு முற்றாக அழியவில்லை என்பதற்குச் சான்று. அவ்வாறு தொழப்படும் இறுதிக் காத்தானின் வேடம் எந்தச் சாதியாரின் கையில் உள்ளது, எந்தக் கோயில் முற்றத்தில் யார் ஆடலாம், யார் வேலிக்கு வெளியே நிற்றல் வேண்டும் என்பன எமது ஊர்களில் அண்மைக் காலம்வரை குருதி சிந்திய வினாக்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்தும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. குடியேற்றங்களிலே பல சாதியினரும் அருகருகே காணி பெற்றமையால், பழைய ஊர்களின் முறைகள் அங்கே தளர்ந்தன. முற்றாக நீங்கின என்று கூறுவதற்கில்லை. நான்கு காத்தான்களும் நான்கு குடும்பங்களிலிருந்து வரும் ஊரொன்றில் அவ்வினாவை நான்கு முறை கேட்டே ஆகவேண்டும். ஒரே நட்சத்திரம் உள்ள இடத்தில் அது கேட்கப்படுவதேயில்லை.

இறுதியாக, பகிர்வும் நினைவும் பற்றி. கூத்தின் பாடம் அண்ணாவியாரின் கொப்பியிலும் ஆடியோரின் நெஞ்சிலும் இருப்பது. காத்தான் நால்வராயின் அப்பாத்திரத்தின் நினைவும் நான்கு இடங்களிற் காக்கப்படும். இது ஒரு வகையிற் காப்பு. ஒருவர் மறைந்தால் ஒரு பகுதியே மறையும். மறுவகையில் ஆபத்து, நால்வரும் சேராதவிடத்து முழுக் காத்தான் எவரிடமும் இல்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த போர் வன்னியின் ஊர் ஒவ்வொன்றையும் இடம்பெயர்த்தது. மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. வீடும் பெட்டகமும் அழிந்தவிடத்துக் கொப்பிகள் எங்ஙனம் எஞ்சும்? மீளக்குடியமர்ந்த ஊர்களில் காத்தவராயன் மீண்டும் ஆடப்பட்டபோது, எஞ்சியோர் தத்தம் பங்கைக் கூட்டியே பாடத்தை அமைக்கவேண்டியிருந்தது.

நாம் மேலே குறிப்பிட்ட ஆங்கிலத் தொடருக்கு நேர்ந்ததும் ஒப்புநோக்கத்தக்கது. பணச்செலவும் இடநெருக்கடியும் கருதி நிறுவனம் தனது 1960களின் நாடாக்கள் பலவற்றை அழித்தது. முதல் ஆள்மாற்றம் நிகழ்ந்த அப்பகுதியே இழக்கப்பட்டது. முகம் மாறும் சில நொடிகள் மட்டும், 1973இல் சிறுவர் நிகழ்ச்சியொன்றில் எடுத்துக்காட்டப்பட்டமையால் எஞ்சின. அடுத்த கதையின் ஆறு பகுதிகளும் இல்லை. ஆனால் அவற்றின் ஒலி இன்று கேட்கக் கிடைக்கிறது. வீடுகளில் இருந்த இரசிகர் சிலர் தொலைக்காட்சியின் முன்னே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்தமையே காரணம். உடைமையாளனான நிறுவனம் அழித்ததை உடைமையற்ற பார்வையாளர் காத்தனர். வன்னியில் அழித்தது சந்தையன்று, குண்டு. காத்தவர் மட்டும் இரண்டிடத்திலும் ஒருவகையினரே.

ஆகவே கூத்துப் பாடங்களைத் தொகுத்து அச்சிடுவோரிடம் ஒன்று கேட்கவேண்டியுள்ளது. அச்சுப் பிரதியிலே பேசுபவர் பெயர் தொடக்கமுதல் முடிவுவரை 'காத்தவராயன்' என்றே இடப்படுமாயின், நால்வர் ஒருவராகிவிடுவர். வாசிப்பவனுக்கு அது வேறெந்த நாடகத்தையும் போன்ற நாடகமே. எந்தப் பாட்டோடு முன்காத்தான் உள்ளே போகிறார், எந்த வரவோடு நடுக்காத்தான் வருகிறார், அவ்வேளை களரியில் நிற்பவர் சின்னானா மாரியா, அந்த மாரி முன்மாரியா பின்மாரியா என்பன பாடத்தின் ஓரத்திலேயே குறிக்கப்படல் வேண்டும். அண்ணாவிமாரின் கொப்பிகளில் இவை சிலவேளை ஒரு கோடாக, சிலவேளை ஓர் எழுத்தாக மட்டும் இருக்கும். பிரதிபண்ணும் மாணவர்கள் அவற்றை எழுத்துப்பிழையெனக் கருதி விட்டுவிடுகின்றனர்.